அம்முவின் முடியை வெட்டிவிட்டார்கள்

போன வாரம் ஒரு மாலை கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்த துணிக்கடைக்காரர் தூபக்காலில் கரியை மூட்டி, சாம்பிராணித் தூளைப் போட்டு, கடைக்குள் ஒரு சுற்றுக் காட்டிவிட்டு வாசலுக்கும் காட்ட வந்தார். புகை நேரே என் முகத்தில் வந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் அதை இரண்டு கையாலும் வாரிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் எதிரே வந்து நின்ற பஸ்ஸில் பாய்ந்து ஏறிவிட்டேன். அது எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது ஊர்ப் பெயர் சொல்ல வராமல் திருதிருவென்று விழித்தேன். நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் என்னைக் கிண்டல் செய்திருப்பாய்.

வேறு நாளாக இருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். அது எனக்குப் பழகிவிட்டது. அன்று மத்தியானம்தான் உன் அப்பா ஃபோன் செய்திருந்தார். அம்மு மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிறாள், எல்லாம் கூடிவந்துவிட்டது, நான் ஒரு நாள் கரமனை வீட்டுக்கு வந்து, அங்கே உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி, பத்திரமாக இருப்பது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். பிறகு உன் அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "அந்த விஷயம் மட்டும் மாமி காதுல விழப்படாது, கேட்டயா மோளே" என்றார். உன் தங்கை தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயமே அதுதான். அதை விட்டுவிட்டுப் பாக்கி எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிடுகிறார். எனக்கு எரிச்சல் வந்தது. அவர்மேல் அல்ல, உன்மேல். இத்தனை வருடத்தில் உன்மேல் எரிச்சல்படுவது எனக்குக் கைவந்த கலையாகிவிட்டது.

நாம் முதலில் சந்தித்ததும் இப்படிப்பட்ட ஒரு பாடத்தில்தான். தம்பானூரில் மாடியில் இருந்த அந்த ஏஜென்சி அலுவலகம் உனக்கு நினைவிருக்கும். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களை எல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார வைத்து, டை கட்டிய ஒருவர் சுகாதாரமும் பாதுகாப்பும் என்று வகுப்பு எடுத்தார். மருத்துவக் காப்பீடு, மாத்திரைகளோடு டாக்டர் சீட்டையும் எடுத்துப்போவது, பனியில் வழுக்காத காலணி, தனியாக நடக்கும்போது காதில் பாட்டு வைக்காமல் இருப்பது என்று ஒன்று விடாமல் சொன்னார். பாறசாலையிலிருந்து காலை பஸ் பிடித்து வந்திருந்த நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "இவர் எங்கம்மாவை விட பயந்தவரா இருக்காரே" என்று என் காதில் சொன்னாய். நான் சிரித்துவிட்டேன், அவர் என்னைத்தான் முறைத்தார். அந்த மனிதர் நல்லவர். தெரிந்ததையெல்லாம் சொன்னார். உன் வீட்டு வெள்ளிக்கிழமையைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்?

உன் அம்மா உன் பெட்டியை அடுக்கிய நாளில் நான் கரமனையில் உன் வீட்டில் இருந்தேன். உன் தலைமுடி இடுப்புக்குக் கீழே தொங்கும். அதைப் பின்னிவிடுவது மாமிக்கு ஒரு பூஜை மாதிரி. உலகத்திலுள்ள எல்லா வியாதியும் ஈரத்தலையிலிருந்துதான் வருகிறது என்பது மாமியின் கட்சி. சளி, தலைவலி, காய்ச்சல், பரீட்சையில் மார்க் குறைவது வரைக்கும் நீர்க்கோவைதான் காரணம். எங்கள் வீட்டில் எனக்குப் பைபிளும் கருவாடும் கட்டிக் கொடுத்தார்கள். உன் பெட்டியில் காய்ச்சின எண்ணெயும் சீயக்காயும் பெரிய சாம்பிராணிப் பொட்டலமும் ஏறின. அந்த ஊரில் முடி உலர்த்த மின்சாரக் கருவி இருக்கிறது மாமி என்று நான் சொன்னேன். அந்தச் சூட்டுக்காற்று பட்டால் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிடும் என்று மாமி கையை உதறினாள். நீ என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய்.

இங்கிலாந்தின் வடக்கே அந்தச் சின்ன ஊரில் போய் இறங்கிய பிறகுதான் நீ எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரிந்தது. வகுப்பில் ஒரு வரி எழுதாத நீதான் முதல் வாரமே என்னை இழுத்துக்கொண்டு போய் இருவர் பெயரையும் அங்கிருந்த கிளினிக்கில் பதிந்தாய். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா தந்துவிட்ட மாத்திரையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு படுக்கப் போனேன். நீ அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "அறியாத ஊர்ல நாமளே டாக்டர் ஆகப்படாது" என்று சொல்லி, ஃபோனில் அந்தக் கிளினிக்காரியோடு சண்டை போட்டு எனக்கு அன்றைக்கே இடம் வாங்கினாய். நுரையீரலில் சளி கட்டியிருந்ததாம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் கிடத்தியிருப்பார்கள். பனி உறைந்த பாதையில் எப்படிப் பாதம் பதிக்க வேண்டும் என்று என்னை வாத்து நடை நடக்க வைத்தாய். கடையில் எனக்கு வேலை முடிகிற நேரத்துக்கு பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்பாய். நான் வேண்டாம் என்றால் "சாரமில்லடி" என்பாய். பரவாயில்லை என்பதற்கு நம் ஊர் சொல்லும் சொல். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நீ அந்தத் தேசம் முழுவதையும் சமாளித்தாய்.

அதனால்தான் எனக்குக் கோபம். கவனக்குறைவான ஒருத்தி அப்படிப் போயிருந்தால் அழுதுவிட்டு விட்டிருப்பேன்.

அங்கே நம் வீட்டுக் கூரையில் வெள்ளையாக வட்டமாக ஒன்று இருந்தது. புகை வந்தால் கத்தும். கடுகு தாளித்தாலே கத்தும். நாம் குடியேறும்போதே அதற்கு யாரோ பிளாஸ்டிக் குல்லாய் மாட்டியிருந்தார்கள். அந்தத் தெருவில் நம் ஆட்கள் குடியிருந்த எல்லா வீட்டிலும் அப்படித்தான். வீட்டுக்காரர் பார்க்க வருகிற அன்று மட்டும் எல்லோரும் குல்லாயைக் கழற்றிவிட்டு ரொட்டி தின்போம். அதைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசியிருக்கிறோம். மிளகாய் வதக்குவதைத் தப்பென்று சொல்கிற யந்திரத்தை யார்தான் மதிப்பார்கள்?

வெள்ளிக்கிழமை உனக்கு எண்ணெய்க் குளியல். அந்த நாட்டுக்குப் போயும் நீ அதை விடவில்லை. இலையுதிர்காலம் வரைக்கும் சமையலறையின் பின்வாசல் படியில் உட்கார்ந்து முடியை விரித்துப் போட்டுக்கொண்டு சாம்பிராணி காட்டிக்கொள்வாய். அடுத்த வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு அப்பால் நின்று மூக்கை உறிஞ்சி, அருமையான வாசனை என்பார். கரிக்கும் பஞ்சமில்லை. நமக்கு முன்பு குடியிருந்த பையன்கள் கோடையில் கோழி சுட வாங்கி மிஞ்சிய மூட்டை மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. பிறகு பனி வந்தது. படியில் உட்கார முடியாத குளிர். அந்த வெள்ளிக்கிழமை நீ அலுமினியத் தட்டில் கரியை மூட்டி உன் அறைக்குள் எடுத்துப் போனாய்.

கரமனை வீட்டில் அதைச் செய்தால் ஒன்றும் ஆகாது. ஓட்டிடுக்கு, முற்றம், கதவுச் சந்து என்று நூறு வழியாகக் காற்று வரும். அந்த வீடோ குளிர் ஒரு துளி நுழையாதபடி அடைத்துக் கட்டியது. நான் கடையில் அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து வந்தபோது பஸ் நிறுத்தத்தில் நீ இல்லை. வெள்ளிக்கிழமையாயிற்றே, முடி காய்ந்திருக்காது என்று நினைத்துக்கொண்டு தனியாக வாத்து நடை நடந்து வந்தேன். அந்த அறையை எழுத எனக்கு மனமில்லை. உன்னைத் தொட்டேன். அவ்வளவு போதும்.

எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் பகலில் தூங்கக் கூடாது என்பது உங்கள் வீட்டுச் சட்டம். நீ ஒருநாளும் தூங்கியதில்லை. கொட்டாவி விட்டால்கூட எழுந்து நடப்பாய். அந்தக் கரியிலிருந்து வந்த வாயு உன்னைத் தூங்க வைத்துவிட்டது. அந்த வாயுவுக்கு மணமே கிடையாதாம். போலீஸ்காரப் பெண் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். சாம்பிராணி மணம் வீடெல்லாம் நிறைந்திருக்க, கோயிலுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது எனக்கு. அந்த மணத்தை அன்றிலிருந்து வெறுக்கிறேன். சாம்பிராணியை வெறுப்பது நியாயமில்லை என்று தெரியும், ஆனாலும் வெறுக்கிறேன்.

உன் அப்பா வந்து சேர்ந்தார். அரசு அலுவலகத்தில் வாழ்நாள் முழுக்கக் கையெழுத்துப் போட்ட மனிதர், அங்கே ஒரு காகிதத்தில் போட முடியாமல் பேனாவைக் கீழே போட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி நடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கரின்னு மாமியண்ட சொல்லிடாதே மோளே. ஹீட்டர்ல கோளாறுன்னு சொல்லு. சாம்பிராணி கட்டிக் கொடுத்தது அவளாக்கும். இதை அறிஞ்சா அவ பிழைச்சிருக்க மாட்டா." நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? உன்னை ஒரு பெட்டியில் வைத்து அவர் கூட்டிக்கொண்டு போனார். நான் அங்கேயே இருந்து படிப்பை முடித்தேன். எப்படி முடித்தேன் என்று கேட்காதே.

ஊருக்குத் திரும்பி இங்கேயே வேலை கிடைத்த பிறகு கரமனைக்கு அடிக்கடி போவேன். ஒவ்வொரு தடவையும் மாமி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்த ஹீட்டர்காரன் விளங்குவானா என்று ஆரம்பிப்பாள். வீட்டுக்காரரை, அந்த நாட்டை, யந்திரத்தை எல்லாம் திட்டுவாள். மாமா தலையாட்டிக்கொண்டே என்னைப் பார்ப்பார். நானும் ஆட்டுவேன். அப்போது அம்மு பள்ளிக்கூடத்துப் பெண். அவளும் ஹீட்டர் என்றே நம்பினாள். மாமா இல்லாத நேரத்தில் மாமி ஒரு தடவைகூட ஹீட்டர் பேச்சை எடுத்ததில்லை. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அப்படியே கரமனைக்குப் போனேன். வழியெல்லாம் யோசனை. அம்முவை எப்படியாவது வெளியே கூட்டிக்கொண்டு போய், ஆற்றங்கரைப் பக்கம் நிறுத்திவைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். மாமாவுக்குக் கொடுத்த வாக்கு போனால் போகட்டும். இன்னொரு பெட்டியில் சாம்பிராணி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்க என்னால் முடியாது. கதவைத் திறந்தது அம்முதான். எனக்கு ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை.

முடியை வெட்டியிருந்தார்கள். கழுத்துக்கு மேலே, காது தெரியும்படி, பையனுக்கு வெட்டுவதுபோல. உன் முடிக்குக் கொஞ்சமும் குறையாத முடி அவளுக்கு. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் தலையைத் தடவிக்கொண்டு, "அம்மாதான் சேச்சி. பார்லருக்குக் கூட்டிண்டு போய் பக்கத்திலேயே நின்னா" என்றாள். மாமா நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அங்கே தண்ணீர் கடுமை, முடி கொட்டுமாம், அதனால் மாமி வெட்டச் சொன்னாள் என்று பேப்பரைத் தாழ்த்தாமலே சொன்னார். அக்ரகாரமே பேசுகிறது என்றும் சொன்னார். அவர் அதை நம்பியிருந்தார்.

திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தேன். எண்ணெய் இல்லை. சீயக்காய் இல்லை. பொட்டலம் எதுவும் இல்லை. மாத்திரைகளும் டாக்டர் சீட்டும் ஒரு பையில் இருந்தன. முடி உலர்த்துகிற கருவி ஒன்று புதிதாக, அட்டைகூடப் பிரிக்காமல் இருந்தது. ஒட்ட வெட்டிய தலைக்கு அது எதற்கு?

மாமி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். தேங்காய் துருவச் சொல்லிக் கையில் மூடியைக் கொடுத்தாள். துருவ ஆரம்பித்ததும், அந்தச் சத்தத்துக்குள்ளேயே, மெல்லப் பேசினாள். மாமாவுக்குக் கேட்காமல் இருக்கத்தான் தேங்காய் என்று பிறகுதான் புரிந்தது.

"அம்முவண்ட நான் சொல்லியாச்சு. கரி, புகை எல்லாம். நீ அதுக்காக மெனக்கெட வேண்டாம்."

என் கை நின்றது. துருவு என்று சைகை காட்டினாள்.

"நான் ஒண்ணும் அறியலைன்னாக்கும் மாமாவோட நினைப்பு. அப்படியே இருக்கட்டும். அவருக்கு அதுலதான் ஒரு நிம்மதி. எனக்கு அன்னிக்கே தெரியும் ஜெஸி. எங்கிட்ட ஃபோன்ல பேசிண்டேதான் அவ தலையை ஒணத்திண்டிருந்தா."

மாமி அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அம்மா, கரி ஜாஸ்தியாப் போட்டுட்டேன், கண் எரியறது, ஜன்னலைத் திறக்கட்டுமான்னு கேட்டா. நான்தான் வேண்டாம்னேன். ஈரத்தலையில பனிக்காத்து பட்டா நீர் கோத்துக்கும், முடி ஒணங்கட்டும், அப்பறம் திறந்தாப் போறும்னேன். சரிம்மான்னா. வச்சுட்டா."

இதை அம்முவிடம் சொல்லவில்லையாம். பெருமாளிடம் சொல்லியாயிற்றாம், பதில் இல்லையாம். இத்தனை வருடமாக என்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்ததாம், தைரியம் வரவில்லையாம். இப்போது இன்னொருத்தியை அனுப்பப் போகிறாள், கேட்காமல் அனுப்ப முடியாது என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீதான் முதல்ல உள்ள போனவ. சொல்லு. ஜன்னல் திறந்திருந்துதா, அடைச்சிருந்துதா?"

நான் பொய் சொல்லத் தெரியாதவள் என்று நீ அடிக்கடி சொல்வாய். வீட்டுக்காரர் முன்னால் நான் உளறுவேன் என்று என்னை அறைக்குள் ஒளித்து வைப்பாய். அன்று எனக்கு ஒரு திணறலும் வரவில்லை.

"திறந்துதான் கெடந்துது மாமி. கரி கூடிப்போச்சு, அதாக்கும்."

மாமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் தாழ்த்தாமல் நானும் நின்றேன். பிறகு அவள் முகம் கொஞ்சம் இளகியது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ நான் சொன்னதை அவ கேக்கலை," என்றாள். "என்னிக்குத்தான் கேட்டிருக்கா."

அதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்தது சந்தோஷம் என்றால் நீ நம்புவாயா? எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. தேங்காயை வாங்கிக்கொண்டு போய்க் கூட்டில் போட்டாள். என்னைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து உன்னிடம் பேசிக்கொண்டே இருக்கிறேன். கோபம் போய்விட்டது. அது இருந்தவரைக்கும் எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தது என்பது போன பிறகுதான் தெரிகிறது. புத்தியில்லாதவளே, ஒரு ஜன்னலைத் திறக்கத் தோன்றவில்லையா உனக்கு என்று எத்தனை தடவை உன்னைக் கேட்டிருப்பேன். உனக்குத் தோன்றியிருக்கிறது. நீ கேட்டிருக்கிறாய். என்னைக் கிளினிக்குக்கு இழுத்துப்போன அதே ஆளாகத்தான் நீ அன்றும் அந்த அறையில் உட்கார்ந்திருந்திருக்கிறாய். உன்னை இவ்வளவு நாள் திட்டியதற்கு வெட்கமாக இருக்கிறது. அதைவிட, உன்னை நினைத்து இப்போது வருகிற அழுகையைத் தாங்க முடியவில்லை.

மாமாவுக்கு ஒரு வாக்கு, மாமிக்கு ஒரு வாக்கு என்று இரண்டையும் வைத்துக்கொண்டு இனி அந்த வீட்டுக்குப் போய்வர வேண்டும். போவேன். அம்மு போன பிறகு இன்னும் அடிக்கடி போவேன். அது பெரிய பாரமில்லை. உள்ளங்கையில் அந்த ஜன்னல் பிடியின் குளிர்ச்சி இருக்கிறதே, அதுதான். அன்று உன் அறைக்குள் ஓடி வந்து திரையை விலக்கி, இறுகிக் கிடந்த அந்தப் பிடியை இரண்டு கையாலும் திருகித் தள்ளித் திறந்தவள் நான்.

மாமியின் கண்ணில் உன்னைப் பேச்சுக் கேட்காத பெண்ணாக்கிவிட்டு வந்திருக்கிறேன். நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். நீ அம்மா சொன்னதைக் கேட்டாய். அதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.